கல்லில் உறைந்த சமுதாய உறவுகள்: லவன்ஹாம் தேவாலயம் பற்றிய ஒரு நோக்கு

1

கலை இலக்கியங்களை அவை தோன்றிய சமுதாயத்தின் பின்னணியில் வைத்து ஆராயும் மரபு தமிழில் இன்று வேரூன்றிவிட்டது. எனினும் அம்மரபு பெரும்பாலும் எழுத்திலக்கியத்தையே தனது ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளது. கட்டிடமும் மரவேலையும் கற்செதுக்கும் அதனுள் இடம்பெறுங்கால், இலக்கியத்திற்கு ஒரு பின்புலமாக மாத்திரமே இடம்பெறுகின்றன. ஆயின் சமுதாயவியல் நோக்கிற்குக் கட்டிடத்தைப் போல வாய்ப்பான கலை வடிவம் பிறிதொன்றில்லை எனலாம். ஒரு கவிதையைத் தனியொருவர் ஓர் இரவில் எழுதிவிட இயலும். கட்டிடமோ நிலம், கல், மரம், கூலி, சட்டம், பலருடைய உழைப்பு ஆகிய யாவும் ஒருங்கு கூடாமல் எழுவதில்லை. எனவே உற்பத்தி உறவுகள் கட்டிடத்திலே இலக்கியத்திற் காட்டிலும் நேரடியாகப் பதிவு பெறுகின்றன.

இடைக்கால இங்கிலாந்தின் பங்குத் தேவாலயங்கள் இவ்வகையில் விதந்து கூறத்தக்கவை. ஆயிரக்கணக்கான அவை இன்றும் நின்று நிலவுகின்றன. அவற்றைப் பற்றி எழுதப்பட்டவையும் மிகப் பல. அவ்வெழுத்துக்களில் இரு போக்குகள் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று, தூணின் சுற்றளவையும் சாளரத்தின் வடிவையும் அளந்து காலவரையறை செய்வதோடு நிறைவு கொள்ளும் தொல்பொருள் விவரணம். மற்றையது, இத்தேவாலயங்களை ஒன்றுபட்ட ஒரு சமுதாயத்தின் கூட்டு ஆன்மாவாகக் காணும் புனைவியல் நோக்கு. கைத்தொழில் முதலாளித்துவத்தின் அவலங்களைக் கண்டு மனம் வெதும்பிய 19 ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் இந்நோக்கினை வளர்த்தெடுத்தனர். 1836 இல் பியூஜின் இடைக்கால நகரையும் தம் காலத்து நகரையும் எதிரெதிர் நிறுத்திப் படங்கள் வரைந்தார். 1851 முதல் 1853 வரை வெளிவந்த 'வெனிசின் கற்கள்' என்னும் நூலில் ரஸ்கின் கொதிக் கலையை உழைப்பாளியின் சுதந்திர வெளிப்பாடாகக் கண்டார். அவர் வழிவந்த வில்லியம் மொறிஸ், 1877 இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவியதோடு நில்லாது, பின்னர் சோஷலிசத்தையும் தழுவினார்.

இவர்களது முதலாளித்துவ எதிர்ப்பு மதிப்பிற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடந்த காலத்தை ஓர் உறுதியான புகலிடமாக்கும் போது, அக்கடந்த காலத்தின் முரண்பாடுகள் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடுகின்றன. அண்மைக் காலத்தில் வரலாற்றாசிரியர் ஏமன் டஃபி, 1992 இல் வெளியிட்ட பீடங்களின் களைவு பற்றிய பெருநூலில், மதச் சீர்திருத்தத்திற்கு முன்னிருந்த ஆங்கிலேய மக்கள் சமயம் உயிர்த்துடிப்புள்ளதாகவும் உயர்ந்தோர்க்கும் எளியோர்க்கும் பொதுவானதாகவும் விளங்கியது என மிக விரிவான சான்றுகளுடன் நிறுவ முற்பட்டார். அவருடைய சான்றுகளை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 'பொதுவானது' என்ற சொல்லையே நாம் கேள்விக்குட்படுத்த வேண்டியுள்ளது.

இவற்றிற்கு மறுதலையாக, தேவாலயம் ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலைக் கருவி என்று ஒரே வரியில் முடித்துவிடும் போக்கும் நம்மிடையே உண்டு. இது மார்க்சியத்தின் பெயரால் கூறப்படினும், கட்டிடத்தைப் பாராமலே கூறத்தக்க முடிபாகும். எந்தக் கட்டிடத்திற்கும் பொருந்துகின்ற முடிபு, எந்தக் கட்டிடத்தையும் விளக்குவதில்லை. சஃபொக் மாவட்டத்திலுள்ள லவன்ஹாம் என்னும் ஊரின் புனித பேதுரு பவுல் தேவாலயத்தை எடுத்துக்கொண்டு, அதன் அமைப்பும் தளபாடங்களும் உண்மையில் எவற்றைப் புலப்படுத்துகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

லவன்ஹாம் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு முதலிற் புலப்படுவது அதன் ஏற்றத்தாழ்வாகும். மேற்கே 141 அடி உயரமான மணிக்கோபுரம் பெருந்திண்மையுடன் நிற்கிறது. அதையடுத்து மக்கள் கூடும் நடுமண்டபம் அகன்ற சாளரங்களும் மேல்வரிசைச் சாளரங்களுமாக ஒளி நிறைந்து உயர்ந்துள்ளது. கிழக்கே குருவானவர் பூசை செய்யும் திருப்பீடப் பகுதி மட்டும் தாழ்ந்தும் சிறுத்தும் காணப்படுகிறது. கோபுரமும் நடுமண்டபமும் ஏறத்தாழ 1485 இற்கும் 1525 இற்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளிற் கட்டப்பெற்றவை. திருப்பீடப் பகுதியோ 14 ஆம் நூற்றாண்டுக்குரியது.

சமயக் கண்கொண்டு நோக்கின் இது விந்தையாகத் தோன்றும். தேவாலயத்தின் மிகப் புனிதமான பகுதியைப் பழையபடியே விட்டுவிட்டு, மக்கள் நிற்கும் பகுதியைப் பேரழகுடன் புதுப்பித்தது ஏன்? இதற்கான விடை இறையியலில் இல்லை, சட்டத்தில் உள்ளது. 13 ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தில் நிலைபெற்ற திருச்சபை வழமையின்படி, திருப்பீடப் பகுதியைப் பேணும் கடமை தசமபாகத்தைப் பெறும் குருவினுடையது. நடுமண்டபத்தைப் பேணும் கடமை பங்கு மக்களுடையது. இதனால் ஒரே கூரைத் தொடரின் கீழ் இருவேறு பொருளாதாரங்கள் இயங்கின. குருவின் வருவாய் வேளாண் விளைவிற் பத்திலொன்றாகிய தசமபாகத்தில் தங்கியிருந்தது. லவன்ஹாமின் பங்கு மக்களுட் சிலரது வருவாயோ கம்பளித் துணியிலிருந்து வந்தது. முன்னது ஏறக்குறையத் தேங்கி நின்றது, பின்னது பெருகிற்று. இவ்விரு வருவாய்களுக்குமிடையிலான வேறுபாடே கட்டிடத்தின் உயர வேறுபாடாகக் காட்சியளிக்கிறது.

இச்சட்ட உறவு எத்துணை உரம் வாய்ந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். வார்விக்ஷயரிலுள்ள அஸ்ரன் கன்ரலோ என்ற ஊரில், முன்னர் தசமபாகத்திற்கு ஈடாக ஒதுக்கப்பட்ட நிலத்தை உடைமையாகப் பெற்றிருந்தோர், அவ்வூர்த் தேவாலயத்தின் திருப்பீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் செலவுக்குப் பொறுப்பாளிகளே என்று 2003 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நிலமானிய அமைப்பு மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும் அதன் உடைமைக் கோடு கட்டிடத்தினூடாக ஓடிக்கொண்டிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

நடுமண்டபத்தையும் திருப்பீடப் பகுதியையும் பிரித்து நிற்பது மரத்தடுப்பு. லவன்ஹாமில் இன்றுமுள்ள தடுப்பு 14 ஆம் நூற்றாண்டினது. இத்தகைய தடுப்புகளின் மேல் சிலுவையுற்ற கிறிஸ்துவின் உருவும், இருமருங்கும் மரியாள், யோவான் ஆகியோரின் உருவங்களும் நிறுத்தப்பெற்றிருந்தன. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசாணையினால் அவை நாடெங்கும் அகற்றப்பட்டன. தடுப்பு முற்றாக மறைப்பதன்று. இடையிடையே விடப்பட்ட வெளியினூடாகப் பூசையைக் காணலாம், அண்மிக்க முடியாது. காண்பதற்கு உரிமையும் நெருங்குவதற்குத் தடையும் ஒருங்கே அமைந்த இவ்வடிவம், நிலமானிய சமுதாயத்தின் படிநிலை ஒழுங்கைப் போதனையின்றியே மக்களின் உடலுக்குப் பயிற்றியது எனலாம்.

3

லவன்ஹாமின் மேலாட்சி ஒக்ஸ்போட் கோமகன்களான டி வியர் குடும்பத்தினருடையது. 13 ஆவது கோமகன் ஜோன் டி வியர் 1485 இல் பொஸ்வேர்த் போரில் ஏழாம் ஹென்றியின் முன்னணிப் படையை நடத்தியவர். தேவாலயத்தைப் புதுக்கும் பணி அவ்வெற்றியையொட்டித் தொடங்கிற்று என்பது மரபு. டி வியர் குடும்பத்தின் சின்னங்களாகிய நட்சத்திரமும் காட்டுப்பன்றியும் தெற்கு முகப்பு மண்டபத்திலும் கோபுரத்திலும் செதுக்கப்பட்டுள்ளன. பணத்தின் பெரும்பகுதியோ துணி வணிகரிடமிருந்து வந்தது. அவர்களுள் தலையாயவர்கள் ஸ்பிறிங் குடும்பத்தினர். 1486 இல் இறந்த இரண்டாம் தோமஸ் ஸ்பிறிங்கும் 1523 இல் இறந்த அவர் மகன் மூன்றாம் தோமஸ் ஸ்பிறிங்கும் கோபுரத்திற்கெனத் தத்தம் உயில்களிற் பெருந்தொகை விட்டுச் சென்றனர்.

இவ்வணிகரின் செல்வம் எங்ஙனம் உருவாயிற்று? லவன்ஹாம் நீலச் சாயமிட்ட அகலத் துணிக்குப் பேர்பெற்றது. வணிகர் கம்பளியை வாங்கி, சிக்கெடுக்கும் பெண்களுக்கும் நூற்கும் பெண்களுக்கும் வீடு வீடாகக் கொடுத்தார். நூல் நெசவாளரிடம் சென்றது. நெய்த துணி மிதித்து இறுக்குவோரிடமும் சாயமிடுவோரிடமும் கைமாறி, இறுதியில் வணிகரின் களஞ்சியத்தை அடைந்தது. ஒவ்வொருவரும் தத்தம் குடிசையிலே தத்தம் கருவியோடு வேலை செய்தனர். ஆயின் மூலப்பொருளும் விளைபொருளும் அவர்களுடையன அல்ல. 'மூலதன'த்தின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் இத்தகைய உறவை நுணுகி ஆராய்கிறார். வணிகன் உற்பத்தியை நேரடியாகத் தன் கட்டுப்பாட்டிற்குள் கொணரும் இவ்வழி பழைய உற்பத்தி முறையைத் தகர்ப்பதில்லை, அதனை அப்படியே பேணி அதிலிருந்து இலாபம் உறிஞ்சுகிறது என்பது அவரது முடிபு. அதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கொள்வதும் 17 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் துணி வணிகனையே.

இக்கருத்தை மனத்திற்கொண்டு கோபுரத்தை நோக்குதல் வேண்டும். அதன் அடித்தளக் கல்வரிசையில் பேதுருவின் திறவுகோல்களும் பவுலின் வாள்களும் டி வியரின் நட்சத்திரமும் உள்ளன. அவற்றோடு ஸ்பிறிங்கின் வணிகக் குறியும் உள்ளது. வணிகக் குறி என்பது துணிப்பொதிகளின் மேல் இடப்படும் அடையாளம். எழுத்தறியாத சுமைகாரனும் இன்னாருடைய பொதி என அறிந்துகொள்ள உதவுவது. கோபுரத்தின் உச்சிக் கைப்பிடிச் சுவரிலோ வணிகக் குறி இல்லை. அங்கே ஸ்பிறிங் குடும்பத்தினருக்குப் புதிதாகக் கிடைத்த குலச்சின்னம் மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டுள்ளது. அடியில் வணிகன், முடியில் குலமகன். ஒரு குடும்பத்தின் சமுதாய ஏற்றம் முழுவதையும் கோபுரம் தன் உயரத்தினாலேயே சொல்லிவிடுகிறது.

புதிய செல்வம் தனக்கெனப் புதிய வடிவமொன்றைத் தேடவில்லை என்பதே இங்கு முக்கியமானது. அது கோமகனின் நட்சத்திரத்துக்கு எதிராக நிற்கவில்லை. அதன் பக்கத்தில் இடம்பிடிக்கவே முயன்றது. மூன்றாம் தோமஸ் துணியில் ஈட்டிய பொருளைக் கிழக்கு மாவட்டங்களில் நிலமாக மாற்றினார். அவர் மகன் ஜோன் பின்னர் 'சேர்' பட்டம் பெற்ற நிலக்கிழாரானார். வணிக மூலதனம் பழைய உற்பத்தி முறையைப் பேணுகிறது என்று மார்க்ஸ் கூறியது பொருளாதாரத்திற்கு மாத்திரமன்றிக் கலை வடிவத்திற்கும் பொருந்துவதை லவன்ஹாம் கோபுரம் காட்டுகிறது.

4

இனி உள்ளே சென்று தளபாடங்களை நோக்குவோம். இரண்டாம் தோமஸ் ஸ்பிறிங்கின் நினைவாக அமைந்த பித்தளைத் தகட்டில் அவரும் மனைவி மக்களும் பிணச்சீலை சுற்றியவராய்க் கல்லறையினின்றும் எழுகின்றனர். செல்வத்தின் நிலையாமையை உணர்த்தும் அவ்வுருவே செல்வத்தினாற் பெற்ற இடத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் தோமஸின் கல்லறையைச் சுற்றி நிற்பது நுண்ணிய செதுக்கு வேலைப்பாடுடைய ஓக் மரச்சட்ட அடைப்பு. அதனுள்ளே அவரது ஆன்மாவிற்கெனப் பூசை நிகழ வேண்டும். உத்தரிப்பு ஸ்தலத்தில் வேதனையுறும் ஆன்மாவை உயிரோடிருப்போரின் செபம் மீட்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. நம்பிக்கை எல்லோர்க்கும் பொதுவானது. டஃபி கூறுவது இம்மட்டில் சரியே. ஆனால் பூசைக்குக் குருவை அமர்த்தவும் அடைப்பு எழுப்பவும் வேண்டிய பொருள் எல்லோர்க்கும் பொதுவானதன்று. பொது மண்டபத்தின் நடுவிலே வேலியிட்ட தனியுடைமை ஒன்று எழுந்துவிடுகிறது. ஊருக்குப் புறத்தே பொதுநிலங்கள் மேய்ச்சலுக்காக வேலியடைக்கப்பட்ட காலமும் இதுவே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தெற்கிலுள்ள ஸ்பிறிங் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் இலத்தீன் கல்வெட்டொன்று ஓடுகிறது. இச்சிற்றாலயத்தைச் செய்வித்த தோமஸ் ஸ்பிறிங், அவர் மனைவி அலிஸ் ஆகியோரின் ஆன்மாக்களுக்காகச் செபிக்குமாறு அது வழிப்போக்கரைக் கேட்கிறது. தோமஸின் பெயரோடு குலச்சின்னத்திற்கு உரியவர் என்ற அடைமொழியும் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் பொறிக்கப்பட்ட ஆண்டு 1525.

ஆங்கில இலக்கியம் பயின்றோர்க்கு இங்கே லாங்லண்டின் நினைவு வருதல் இயல்பு. 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த 'பியர்ஸ் பிளவ்மன்' காவியத்தில், கைக்கூலியின் உருவகமாகிய மீட் சீமாட்டியிடம் துறவியொருவன் ஒரு பேரம் பேசுகிறான். தமது ஆலயத்துச் சாளரத்துக்கு அவள் கண்ணாடி பதித்துக் கொடுத்தால் அவள் பெயரை அதிலே பொறிப்பதாகவும், அவளுக்கு மோட்சம் உறுதி எனவும் ஆசை காட்டுகிறான். நற்செயலைச் சாளரத்தில் எழுதி வைப்போரைக் கவிஞர் அங்கேயே கண்டிக்கிறார். ஆகவே, கொடையாளர் பெயர் பொறிக்கும் வழக்கத்தை நாம் இன்றைய கண்கொண்டு குறை காண்கிறோம் என்ற வாதம் நிலைக்காது. லவன்ஹாம் கோபுரம் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, அதே நம்பிக்கைக்குள் நின்றவாறே, அவ்வழக்கத்தை எதிர்த்த குரல் ஒலித்திருக்கிறது. ஒன்றுபட்ட இடைக்காலம் என்ற கற்பனைக்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டியதில்லை.

5

கல்வெட்டு பொறிக்கப்பட்ட அதே 1525 ஆம் ஆண்டில் லவன்ஹாமில் வேறொன்றும் நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் பிரெஞ்சு மன்னன் பாவியாப் போரிற் சிறைப்பட்டான். அதனை வாய்ப்பாகக் கொண்டு பிரான்சின்மீது படையெடுக்க விரும்பிய எட்டாம் ஹென்றிக்காக, அமைச்சர் வூல்சி பாராளுமன்றத்தின் இசைவின்றியே வரியொன்றை விதித்தார். குருமாரிடம் மூன்றிலொரு பங்கு வரையும் ஏனையோரிடம் ஆறிலொரு பங்கு வரையும் கோரிய அவ்வரிக்கு 'நட்புக் கொடை' என்று பெயர். துணி வணிகர் வரிச்சுமையைத் தொழிலாளர்மீது இறக்கினர். இனி வேலை கொடுக்க இயலாதென்று அவர்களை நிறுத்தினர். மே மாதத்தில் லவன்ஹாமையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். 4000 பேர் என்கிறது ஹோலின் வரலாறு. நோஃபொக், சஃபொக் கோமகன்கள் படையோடு வந்து அவர்களை எதிர்கொண்டனர். யார் உங்கள் தலைவர் என்று வினவிய போது, தங்களை நடத்தி வந்தது வறுமையே என்ற கருத்துப்பட அவர்களின் பேச்சாளர் விடையிறுத்ததாக ஹோல் பதிவு செய்துள்ளார். கிளர்ச்சி சண்டையின்றித் தணிந்தது. ஆயின் மன்னன் வரியைக் கைவிட நேர்ந்தது; கிளர்ச்சித் தலைவர்களும் மன்னிக்கப்பட்டனர்.

இக்கிளர்ச்சி பற்றிய செய்திகளுள் ஒன்று நமது ஆய்வுக்கு மிக நெருங்கியது. எழுச்சிக்கு அறிகுறியாக லவன்ஹாம் தேவாலய மணிகளை ஒலிப்பதென முடிவாகியிருந்தது என்றும், அதனை அறிந்த அரச சார்பினர் முன்கூட்டியே மணிகளின் நாக்குகளைக் கழற்றிவிட்டனர் என்றும் கூறப்படுகிறது. இன்று அக்கோபுரத்தில் இனிமைக்குப் புகழ்பெற்று விளங்கும் பெருமணி 1625 இல் மைல்ஸ் கிறே வார்த்தது. அது 1525 இன் மணியன்று. கோபுரம் மட்டும் அதுவே.

ஸ்பிறிங் குடும்பத்தின் பணத்தால் எழுந்து, அவர்களின் குலச்சின்னத்தைச் சூடிய கோபுரத்தை, அவர்களைப் போன்ற வணிகரால் வேலை இழந்தோர் தமது போராட்டத்தின் குரலாக்க எண்ணினர். மணி கொடையாளருடையதா, பங்கு மக்களுடையதா என்ற வினாவை எந்தத் திருச்சபை நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. நெசவாளரே அதனை எழுப்பினர். மணியின் நாக்கைக் கழற்றியவர்களும் அவ்வினாவின் பாரதூரத்தை நன்கு உணர்ந்திருந்தனர். ஒரு கட்டிடத்தின் சமுதாயப் பொருளை அதற்குப் பணம் கொடுத்தவர் மட்டுமே நிர்ணயிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் மக்களும், அவர்கள் எத்தருணத்தில் எதற்காகப் பயன்படுத்துகின்றனர் என்பதும் அதனை நிர்ணயிக்கின்றன. தேவாலயத்தை வெறும் ஆளும் வர்க்கக் கருவியாகக் காணும் யாந்திரிக நோக்கு தவறவிடுவது இதனையே.

பின்னர் 1613 இல் மேடையேறிய 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் இவ்வரிக் கொடுமை பேசப்படுகிறது. ஷேக்ஸ்பியரும் பிளெச்சரும் இணைந்து எழுதியதாகக் கருதப்படும் அந்நாடகத்தில், வணிகரால் வேலை நீக்கப்பட்ட நூற்போர், சிக்கெடுப்போர், நெசவாளர் முதலியோர் தொழில் தொழிலாக எண்ணிக் கூறப்படுகின்றனர். அதுவும் கோமகன் ஒருவரின் வாயினால், அச்சத்தோடு கூறப்படுவதே. இருப்பினும் கட்டிடம் பெயர் கூறாத மக்களை இலக்கியம் கூறிவிட்டது. இரு கலைகளையும் ஒப்பவைத்துப் படிக்கும் போதே ஒன்றின் மௌனம் மற்றதாற் புலப்படுகிறது.

6

கட்டிடத்தினுள்ளும் இம்மௌனம் முழுமையானதன்று. திருப்பீடப் பகுதியில் குருமாருக்கான மடிப்பிருக்கைகள் உள்ளன. நீண்ட செபவேளையில் நின்றவாறே சாய்ந்துகொள்ள உதவும் அவற்றின் அடிப்புறத்திலே, ஒருவன் பன்றியை இடுக்கிக்கொண்டு இசைக்கருவி போலப் பிழிகிறான். பாதி மனிதனும் பாதி விலங்குமான உருவமொன்று துருத்தியை யாழாக்கி இசைக்கிறது. தடுப்புக்கு அப்பால், மிகப் புனிதமான இடத்தில், குருவானவரின் இருக்கைக்குக் கீழே தச்சன் தன் ஊரின் சிரிப்பை மறைத்து வைத்துள்ளான். நாட்டார் நகைச்சுவையின் உலகத்தைப் பற்றிப் பக்தின் எழுதியவை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கவை. ஆனால் இதனை ரஸ்கின் கூறிய சுதந்திர உழைப்பென மிகைப்படுத்திவிடலாகாது. இருக்கையை மடித்தாலன்றி அச்சிரிப்பு வெளிப்படுவதில்லை. அனுமதிக்கப்பட்ட ஓர் ஒதுக்கிடத்தில், ஒருவர் அமர்ந்தால் மறைந்துவிடும் நிலையில் அமைந்த சுதந்திரம் அது.

லவன்ஹாமுக்கு மாறான வகைத் தேவாலயங்களும் அக்காலத்தில் இருந்தன. டெவன் மாவட்டத்தின் மோபாத் என்னும் சிற்றூரின் கணக்கேடுகளை ஆராய்ந்து டஃபி 2001 இல் எழுதிய நூல் அவற்றுளொன்றை நமக்கு அறிமுகம் செய்கிறது. முப்பதிற்குச் சற்று மேற்பட்ட குடும்பங்களே கொண்ட அவ்வூரில் தேவாலயத்திற்கெனச் செம்மறி ஆடுகள் இருந்தன. புனிதர் ஒவ்வொருவர் பெயராலும் ஒதுக்கப்பட்ட அவ்வாடுகளை வீட்டுக்கு வீடு பகிர்ந்து வளர்த்து, கம்பளியை விற்று, விளக்குக்கும் உருவங்களுக்கும் செலவிட்டனர். அங்கும் கம்பளி, லவன்ஹாமிலும் கம்பளி. ஓரிடத்தில் அது பொதுச் சொத்தாகி மெழுகுதிரியாக எரிந்தது. மற்றோரிடத்தில் தனிச்செல்வமாகிக் கல்லறையைச் சுற்றி அடைப்பாக நின்றது. இவ்விரண்டையும் 'மக்கள் சமயம்' என்ற ஒரே பெயரால் அழைப்பது வரலாற்றை விளக்காது.

16 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் லவன்ஹாமின் துணித்தொழில் நலிந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்ட ஊராரிடம் வசதி இல்லாது போயிற்று. இன்று உல்லாசப் பயணிகள் கண்டு வியக்கும் இடைக்கால எழில், ஒரு வகையில் அவ்வறுமை பேணிக் காத்த எழிலாகும்.

இதுகாறும் கூறியவற்றால், லவன்ஹாம் தேவாலயத்தை ஒருமித்த சமுதாயத்தின் நினைவுச்சின்னமாகவோ, ஒரு வர்க்கத்தின் ஏமாற்றுக் கருவியாகவோ கொள்ளுதல் பொருந்தாமை பெறப்படும். தசமபாகத்தை நம்பிய குரு, நட்சத்திரம் பொறித்த கோமகன், குறியிலிருந்து குலச்சின்னத்திற்கு உயர்ந்த வணிகன், பெயரில்லாத நெசவாளி ஆகிய நால்வரும் சமமற்ற வலிமையோடு உரிமை கோரிய களம் அது. முற்போக்கு விமர்சனத்தின் பணி, இத்தகைய படைப்புக்களைப் புகழ்வதா ஒதுக்குவதா என்று தீர்ப்பளிப்பதோடு முடிந்துவிடுவதன்று. எந்தக் கல் யாருடைய பணத்தால், யாருடைய உழைப்பால், யாருடைய பெயரோடு நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டறிதலும், அப்பெயர்களுக்கிடையே காணாமற்போனோர் எப்போது எவ்வாறு அக்கல்லைத் தமதாக்க முயன்றனர் என்பதைத் தேடிக் கண்டறிதலும் அதன் கடமைகளாகும். வடிவத்தை நுணுகிப் பாராத சமுதாயவியல் இக்கடமையை நிறைவேற்ற இயலாது. சமுதாயத்தைப் பாராத அழகியலுக்கோ அப்படியொரு கடமை உண்டென்பதே தெரியாது.